பிள்ளை மெலிவாக இருப்பது ‘பரம்பரை’யா? குழந்தைகளின் போசாக்குக் குறைபாட்டை இனங்காண்பதில் நாம் எங்கே நிற்கிறோம்?

பொருளாதார நெருக்கடி முடிந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. எரிவாயு வரிசை இல்லை, பெற்றோல் வரிசை இல்லை, பால்மாவுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் நிலையும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் கருவில் இருந்த பிள்ளைகளும், அன்று தவழ்ந்து திரிந்த பிள்ளைகளும் இப்போதுதான் முன்பள்ளிகளிலும் தரம் ஒன்றிலும் வந்து உட்காருகிறார்கள். நெருக்கடியின் உண்மையான கணக்கு மத்திய வங்கியின் அறிக்கையில் மட்டும் இல்லை. அது இந்தப் பிள்ளைகளின் உயரத்திலும் நிறையிலும் இரத்தத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எம்மில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

முதலில் சில எண்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். சுமார் 15 வீதத்தினர் உயரத்திற்கேற்ற நிறை இல்லாதவர்கள். சுமார் 21 வீதத்தினர் வயதுக்கேற்ற நிறை இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் உயரம் குன்றிய பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினார்கள். இவை நெருக்கடிக்கு ஆறு வருடங்களுக்கு முந்திய எண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் போசாக்கு மாதக் கணிப்பில், நிறை குறைந்த பிள்ளைகளின் வீதம் 2021இல் 12.2 ஆக இருந்து 2022இல் 15.3 ஆக உயர்ந்தது. இரண்டும் வெவ்வேறு முறையில் எடுக்கப்பட்ட கணக்குகள் என்பதால் 21ஐயும் 15ஐயும் பக்கத்தில் வைத்து ‘குறைந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது. ஒரே முறையில் எடுக்கப்பட்ட இரண்டு வருடக் கணக்கு ஒரே ஆண்டில் மேலே ஏறியது என்பதே இங்கு முக்கியம்.

மந்தபோசணை என்றவுடன் எமது மனதில் வருவது தொலைக்காட்சியில் பார்த்த ஆபிரிக்கப் பஞ்சத்துப் பிள்ளைதான். விலா எலும்பு தெரியும், வயிறு ஊதியிருக்கும். அப்படியான பிள்ளை எமது ஊரில் இல்லை. ஆகவே எமது ஊரில் மந்தபோசணையும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் எமது ஊர்களில் இருக்கும் மந்தபோசணை கண்ணுக்குத் தெரியாதது. உயரம் குன்றிய பிள்ளையைப் பாருங்கள். கை, கால், முகம் எல்லாம் அளவாகவே இருக்கும், ஓடி விளையாடும், சிரிக்கும். நான்கு வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளைபோல இருக்கிறது என்பது, பக்கத்தில் அதே வயதுப் பிள்ளை ஒன்றை நிறுத்தினால்தான் தெரியும். வீட்டில் யாரும் அப்படி நிறுத்திப் பார்ப்பதில்லை. வகுப்பறையில் வரிசையாக நிறுத்தும்போது ஆசிரியருக்குத் தெரிகிறது. ஆனால் அப்போது காலம் கடந்துவிட்டது. கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது வரையிலான அந்த ஆயிரம் நாட்களில் இழந்த உயரத்தையும், அதோடு சேர்ந்து போன மூளை வளர்ச்சியையும் தரம் ஒன்றில் பகலுணவு கொடுத்து முழுமையாக மீட்க முடியாது.

இதனை நேரத்தோடு கண்டுபிடிக்கும் கருவி பெரிய வைத்தியசாலையில் இல்லை. அது ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் தரப்படும் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, நாம் ‘கிளினிக் கொப்பி’ என்று சொல்வது, ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. அதன் தடுப்பூசிப் பக்கத்தை எல்லோரும் பத்திரமாகப் பார்க்கிறார்கள். வளர்ச்சி வரைபடம் இருக்கும் பக்கங்களை மிட்வைஃப் மிஸ்ஸுக்குரிய பக்கங்கள் என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த வரைபடத்தில் பார்க்க வேண்டியது புள்ளி எந்த நிறத்தில் விழுகிறது என்பதை மட்டுமல்ல, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும்தான். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் ஆண் பிள்ளை ஆறாம் மாதத்தில் 7.9 கிலோ. அது அந்த வயதுக்குச் சரியான நடு நிறை. ஒன்பதாம் மாதத்திலும் அதே 7.9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உம்மா கவலைப்பட மாட்டார், ஏனெனில் நிறை குறையவில்லை. நிறைகுறைவு என்ற வரையறைக்குள்ளும் பிள்ளை இன்னும் விழவில்லை. அந்த வயதுக்குரிய கீழ் எல்லை 7.1 கிலோ. ஆனால் அந்தப் பிள்ளை மூன்று மாதங்களாக வளரவில்லை. கோடு தட்டையாகப் படுத்துவிட்டது. இன்னும் நான்கு மாதம் இப்படியே போனால் பிள்ளை கீழ் எல்லையில் நிற்கும், அப்போது திரிபோஷ பட்டியலில் பெயர் வரும். கண்டுபிடிக்க வேண்டிய நேரம் அந்தத் தட்டையான கோட்டின் முதலாவது மாதமே. ஆரோக்கியமான குழந்தை ஐந்தாறு மாதத்தில் பிறந்த நிறையின் இரு மடங்காகும், ஒரு வயதில் மும்மடங்காகும் என்ற கணக்கு மனதில் இருந்தால் வரைபடம் இல்லாமலே ஓரளவு மட்டிட்டுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் வாப்பும்மாவும் உம்மும்மாவும் குறுக்கே வருவார்கள். “எங்கட குடும்பமே மெலிஞ்ச ஆக்கள்தான், இவன்ட வாப்பாவும் சின்னதுல இப்படித்தான்” என்பார்கள். வாப்பாவும் சின்ன வயதில் மந்தபோசணையோடு இருந்திருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. எமது கொப்பியில் இருக்கும் வளைகோடுகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளை வைத்து வரையப்பட்டவை என்ற பேச்சும் உண்டு. அது பிழை. உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட இந்த நியமங்களுக்காகப் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகள் அளக்கப்பட்டார்கள். தாய்ப்பால் குடித்து, நோயின்றி, நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் ஐந்து வயது வரை ஏறத்தாழ ஒரே மாதிரியே வளர்கிறார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. ஓமான் பிள்ளைக்கும் இந்தியப் பிள்ளைக்கும் பொருந்தும் கோடு சம்மாந்துறைப் பிள்ளைக்கும் புத்தளத்துப் பிள்ளைக்கும் பொருந்தாமல் போக முடியாது.

இன்னொரு சிக்கல், தடுப்பூசி இல்லாத மாதத்தில் கிளினிக்குப் போவது வீண் என்ற எண்ணம். ஒன்பதாம் மாத ஊசி, ஒரு வயது ஊசி, பதினெட்டு மாத ஊசி என்று போகிறார்கள். அடுத்த ஊசி மூன்று வயதில். இடையில் இருக்கும் ஒன்றரை வருடத்தில் பல பிள்ளைகள் தராசில் ஏறுவதே இல்லை. பிள்ளை நடக்கத் தொடங்கி, பிஸ்கட்டும் ரோல்ஸும் டொபியும் சாப்பிடப் பழகி, சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் காலமும் இதுவேதான்.

சில அடையாளங்களுக்கு மாதக் கணக்கில் காத்திருக்கக் கூடாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் அது கடும் மந்தபோசணை. தையல் நாடா ஒன்று போதும் பார்ப்பதற்கு. இரண்டு கால்களின் மேற்புறத்தையும் பெருவிரலால் மெதுவாக அழுத்தி எடுக்கும்போது குழி அப்படியே நின்றால் அது வீக்கம். புரதமும் ஏனைய சத்துகளும் இல்லாத பிள்ளை வீங்கும்போது “பிள்ளை கொழுத்து வருது” என்று மகிழ்ந்த குடும்பங்களும் உண்டு. இவை இரண்டில் எதுவிருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இனி, நிறை சரியாக இருந்தும் உள்ளே குறைபாடு இருக்கும் பிள்ளைகள். இதில் முதலிடம் இரும்புச்சத்துக்கு. நிறை மாதத்தில் பிறந்த குழந்தை உம்மாவிடமிருந்து கொண்டுவரும் இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்திற்குப் போதும். அதன் பின் உணவிலிருந்து வர வேண்டும். அமெரிக்கப் பரிந்துரையின்படி வளர்ந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். ஏழு மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தைக்கு 11 மில்லிகிராம் வேண்டும். அதாவது மடியில் இருக்கும் பிள்ளைக்கு வாப்பாவை விட அதிகம் தேவை. நாம் கொடுப்பதோ சோற்றுக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் ரஸ்க் ஊறவைத்த பாலும். இறைச்சியும் மீனும் “பிள்ளைக்குச் செமிக்காது” என்று தள்ளிவைக்கப்படுகின்றன. ஹஜ்ஜுப் பெருநாளில் வீடு நிறைய குர்பான் ஈரல் இருக்கும். எட்டு மாதப் பிள்ளைக்கு அதில் ஒரு கரண்டி அவித்து மசித்துக் கொடுக்க எத்தனை வீட்டில் தோன்றுகிறது? கோழி ஈரல் விலை குறைந்தது. நெத்தலித் தூள், முட்டை, கீரை எல்லாம் எட்டும் தூரத்தில் இருப்பவையே.

இதைவிடப் பெரிய கேடு காலைப் பிளேன்டீ. ஒரு வயதுப் பிள்ளைக்குச் சோஸரில் ஊற்றி ஆற்றிக் கொடுப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். தேயிலையில் உள்ள தனின் உணவிலிருக்கும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதேபோல, ஒரு வயதைத் தாண்டியும் நாள் முழுக்கப் போத்தலில் பால்மா குடிக்கும் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும், இரத்தம் இருக்காது. பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிறு பாலால் நிறைந்தால் சோற்றுக்கு இடமும் இல்லை. நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் பால் வேண்டாம் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

அடையாளங்கள் என்ன? உள்ளங்கையும் கீழ் இமையின் உட்பக்கமும் வெளிறியிருக்கும். பிள்ளை சிணுங்கும், விளையாட்டில் சீக்கிரம் களைக்கும், அடிக்கடி தடிமன் காய்ச்சல் வரும். மண், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சை அரிசி, ஐஸ் என்று உணவல்லாததைத் தேடித் தின்னும். மண் தின்னும் பிள்ளைக்கு அடிப்பதும் பூச்சி மருந்து கொடுப்பதும்தான் எமது வழக்கமான வைத்தியம். பூச்சி இருக்கலாம்தான். ஆனால் இரத்தத்தையும் பார்க்க வேண்டும்.

பரிசோதனை என்று வரும்போது ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈமோகுளோபின் குறைவு என்று அறிக்கை வந்ததும் பாமசியில் இரும்புச் சிரப் வாங்கிக் கொடுப்பது சிகிச்சை அல்ல. 2012ஆம் ஆண்டின் தேசிய போசாக்கு மற்றும் நுண்போசணை ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 15 வீதத்தினருக்குக் குருதிச்சோகை இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இரும்புக் குறைவு காரணம். மற்றப் பாதிக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன என்பதே இதன் பொருள். அவற்றில் ஒன்று தலசீமியா. அதைக் காவும் பிள்ளைக்கும் இரும்புக் குறைவுள்ள பிள்ளைக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் செங்குருதிக் கலங்கள் ஒரே மாதிரிச் சிறிதாகத் தெரியும். இரண்டையும் பிரித்தறிய பெரிட்டின் அளவும், தேவையானால் ஈமோகுளோபின் வகைப் பரிசோதனையும் வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது பெரிட்டின் தானாக உயரும் என்பதால் அந்த நேரத்தில் எடுத்த அறிக்கை இல்லாத இரும்பை இருப்பதாகக் காட்டும். இதையெல்லாம் பாமசிக் கவுண்டரில் தீர்மானிக்க முடியாது.

தலசீமியா பற்றிய பேச்சு எமக்கு இன்னும் நெருக்கமானது. மாமி மகள், மச்சான் என்று சொந்தத்துக்குள் திருமணம் முடிப்பது எமது பல ஊர்களில் சாதாரணம். மார்க்கத்தில் அது ஆகுமானது, அதில் விவாதம் இல்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். இருவரும் பீற்றா தலசீமியாக் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் சாத்தியம் உண்டு. சிரப் குடித்தும் இரத்தம் ஏறாத பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் பரிசோதனை முழுக் குடும்பத்தின் அடுத்த திருமணப் பேச்சுக்கும் உரிய தகவல். நிக்காஹ்வுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை என்பதை ஜமாஅத்துகள் வெட்கமின்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

அடுத்தது விற்றமின் டி. வெயில் கொளுத்தும் நாட்டில் இது எப்படிக் குறையும் என்று கேட்பவர்கள் உண்டு. தோலில் வெயில் பட்டால்தான் உடல் இதனை உருவாக்கும். எமது கருமையான தோலுக்கு அதிக நேரம் தேவை. தாய்ப்பாலில் இது இயல்பாகவே குறைவு. கர்ப்ப காலத்தில் உம்மாவிடம் இல்லாவிட்டால் குழந்தையும் வெறுங்கையோடுதான் பிறக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கும், வெளியே போனால் முழுமையாக உடலை மறைக்கும் தாய்மாருக்கு இந்தக் குறைபாடு வர வாய்ப்புக் கூடுதல் என்பது பல முஸ்லிம் நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. இதைச் சொன்னவுடன் ஹிஜாபுக்கு எதிரான பேச்சு என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவசியமில்லை. சுற்றுமதில் உள்ள வளவில், மொட்டை மாடியில் கையும் காலும் முகமும் வெயில் படும்படி சிறிது நேரம் இருக்கப் பர்தா தடையல்ல. முன்னைய உம்மாமார் கிணற்றடியிலும் நெல் காயவைக்கும் முற்றத்திலும் அப்படித்தான் இருந்தார்கள். வளவு போய் மாடி வீடு வந்தபோது வெயிலும் போய்விட்டது.

இதன் அடையாளங்கள் மெதுவாக வரும். உச்சிக்குழி மூடத் தாமதம், பல் முளைக்கத் தாமதம், மணிக்கட்டு தடித்திருத்தல், நடக்கத் தொடங்கியதும் கால் வில்லாக வளைதல். கல்சியம் மிகக் குறைந்தால் வலிப்பும் வரலாம். அதைப் பார்வை, பேய் என்று தண்ணீர் ஓதக் கொண்டுபோவோரும் உண்டு. ஓதுங்கள், ஆனால் முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு வயதுக்கு முன் இலேசான கால் வளைவு பல பிள்ளைகளுக்கு இயல்பு என்பதால் ஒவ்வொரு வளைந்த காலும் இந்த நோய் அல்ல. வைத்தியர் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் கல்சியம், பொஸ்பேற்று, அல்கலைன் பொஸ்பற்றேஸ் போன்ற இரத்தப் பரிசோதனைகளும் பார்த்துத்தான் முடிவு செய்வார். 2016இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் இணக்கப் பரிந்துரை, முதலாவது வயதில் எல்லாக் குழந்தைக்கும் நாளொன்றுக்கு 400 அலகு விற்றமின் டி என்று சொல்கிறது. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். இது உடலில் தேங்கும் விற்றமின், அளவு மீறினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். விற்றமின் ஏ குறைந்தால் மங்கல் வெளிச்சத்தில் பிள்ளை தடுமாறும், கண் வெள்ளையில் நுரைபோன்ற திட்டு தெரியும். கிளினிக்கில் ஆறாம் மாதத்திலிருந்து தரப்படும் விற்றமின் ஏ மருந்தைத் தவறவிடாதவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. அயடீன் கலந்த உப்பு 1995இல் கட்டாயமாக்கப்பட்ட பின் கண்டக்கழலை குறைந்துவிட்டது. வெளிச்சமும் ஈரமும் படாமல் உப்பை மூடி வைத்தால் போதும். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனியோடு நாகச் சத்தும் பத்துப் பதினான்கு நாட்களுக்குத் தர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டாம், ‘சுன்னத்தான உணவு’ என்று சொல்லியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பக்றீரியாவின் நஞ்சு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

இப்போது நகரங்களில் இன்னொரு போக்கு. பிள்ளை சாப்பிடவில்லை என்றதும் தனியார் ஆய்வுகூடத்தில் விற்றமின் டி, பி12, நாகம், கல்சியம் என்று ஒரு ‘பெக்கேஜ்’ எடுப்பது. ஆயிரக்கணக்கில் காசு போகிறது, பிள்ளையின் கையில் ஊசித் துளை விழுகிறது, அந்தப் பிள்ளையின் உயரத்தை ஒருவரும் அளந்திருக்கமாட்டார்கள். நல்ல குழந்தை வைத்தியர் முதலில் கேட்பது கிளினிக் கொப்பியை. இரண்டாவது, நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை பிள்ளை என்னென்ன சாப்பிட்டது என்பதை. அதன் பிறகே இரத்தம். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டும் நிறை ஏறவில்லை என்றால் காசநோய், இருதயக் கோளாறு, சிறுநீர்த் தொற்று, குடல் நோய் என்று வேறு திசையில் தேட வேண்டும் என்பதையும் அந்தக் கேள்விகள்தான் காட்டும்.

இவ்வளவு சொன்ன பின்னும், வறுமையை மறந்து உம்மாமாரின் அறியாமையை மட்டும் குற்றம் சொல்வது அநீதி. முட்டை விலை ஏறியபோது முதலில் குறைந்தது உம்மாவின் தட்டில். 2016 ஆய்வில் பிறந்த பிள்ளைகளில் ஆறில் ஒன்று 2.5 கிலோவுக்குக் குறைவு. அந்தப் பிள்ளை ஓட்டத்தைப் பின்னாலிருந்தே ஆரம்பிக்கிறது. 1973இல் தொடங்கிய திரிபோஷத் திட்டம் இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. நெருக்கடிக் காலத்தில் சோளம் இல்லாமல் அதுவும் தடைப்பட்டது. கிடைக்கும் வீடுகளிலும் ஒரு பிள்ளைக்கு வரும் பக்கெட் அக்கலாவாகப் பிடிக்கப்பட்டு நான்கு பிள்ளைகளுக்குப் பங்காகிறது. பசியோடு இருக்கும் மூத்த பிள்ளைக்குக் கொடுக்காதே என்று எந்த உம்மாவிடம் சொல்வது? நிறை ஏறாத பிள்ளையைப் பற்றி அறிக்கை எழுதுபவர்கள் அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். ஸகாத் குழுக்கள் வீட்டுப் பட்டியல் தயாரிக்கும்போது ஐந்து வயதுக்குட்பட்ட, நிறை குறைந்த பிள்ளை உள்ள வீடு என்ற ஒரு நிரலைச் சேர்த்தால், யாருக்கு அரிசி, யாருக்கு மாதம் முழுக்க முட்டையும் பருப்பும் என்று பிரித்துக் கொடுக்கலாம். அந்தத் தகவலை அறிய, உம்மாவின் சம்மதத்தோடு கொப்பியைப் பார்த்தாலே போதும்.

பாலூட்டும் காலத்தில் நோன்பைப் பிற்படுத்த மார்க்கம் தந்திருக்கும் சலுகையைத் தம் பலவீனமாக நினைக்கும் உம்மாமார் எம்மிடையே உண்டு. இதை மிம்பரிலிருந்து ஆலிம்கள் சொன்னால் வீட்டில் ஆண்களும் கேட்பார்கள். பொதுவாகவே இந்த விடயத்தில் வாப்பாமார் வெளியே நிற்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் கிளினிக் வாசல் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாப்பாவுக்குத் தன் பிள்ளையின் நிறை எத்தனை கிலோ என்று தெரியாது. அன்றைக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான்.

பாடசாலைகள் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. தரம் ஒன்று அனுமதிக்குப் பிறப்புச் சான்றிதழோடு கிளினிக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லி, வளர்ச்சி வரைபடப் பக்கத்தையும் திறந்து பார்க்கலாம். கோடு கீழே போயிருக்கும் பிள்ளைகளின் பெயரைத் தனியே குறித்து, தரம் ஒன்று, நான்கு, ஏழு, பத்து மாணவர்களுக்கு நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின் அன்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் முதலில் காட்டலாம். முன்பள்ளிகளில் ஒரு தராசும், சுவரில் ஒட்டிய உயர அளவுகோலும் இருந்தால் இரண்டு வருடங்களுக்கு முன்னரே இது தெரிந்துவிடும். பகுதி மிட்வைஃப் மிஸ்ஸை மூன்று மாதத்திற்கு ஒருமுறை முன்பள்ளிக்கு அழைத்தால், கிளினிக் பக்கம் வராத அந்த மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே ஒரே இடத்தில் இருப்பார்கள்.